பழைய காரில் ஸ்பீடோமீட்டர் பழுது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் ஸ்பீடோமீட்டர் நின்றுவிட்டால், பலர் மீட்டர் இல்லாமலே ஓட்டப் பழகிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ ஒரு பழைய மீட்டரை வாங்கி மாட்டிப் பார்க்கிறார்கள். முதலாவது ஆபத்து, இரண்டாவது பெரும்பாலும் வீண் செலவு. இந்தக் கார்களில் மீட்டர் கெடுவதைவிட, கியர் பாக்ஸிலிருந்து மீட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் கேபிள் கெடுவதே மிக அதிகம். அதனால், சுழற்சி எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைக் கண்டறியும் வரை எந்த உதிரிபாகத்தையும் வாங்கக் கூடாது என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

தெரிந்துகொள்ள வேண்டிய அமைப்பு இவ்வளவுதான். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள பினியன் என்னும் சிறு பல் சக்கரம் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. அந்தக் கம்பியின் சதுர முனை மீட்டருக்குள் இருக்கும் ஒரே சுழல்தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டில் உள்ள காந்தம் வேக முள்ளையும், அதே தண்டில் வெட்டப்பட்டுள்ள பற்கள் கிலோமீட்டர் எண்களையும் நகர்த்துகின்றன. கீழே உள்ள பிரிவுகள் எல்லாம் இந்த வரிசையைப் பின்பற்றியே அமைந்துள்ளன.

தொடங்கும் முன்

டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மீட்டருக்குப் பின்னால் விளக்கு ஒயர்கள் நெருக்கமாகச் செல்வதால், ஒரு ஸ்பேனர் தவறிப் பட்டாலே ஃபியூஸ் போய்விடும். காரைத் தூக்கிச் செய்யும் சோதனைகளில் ஜாக்கியை மட்டும் நம்பாமல், அடியில் ஸ்டாண்டும் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளும் வைக்க வேண்டும்.

எந்தச் சக்கரத்தைத் தூக்குவது என்பதில் கவனம் தேவை. மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. அதில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, முன்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் போதும். அம்பாசடர், பத்மினி, ஆம்னி ஆகியவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற வேண்டியிருப்பதால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். அப்போது முன்சக்கரங்களுக்கு வைக்கும் கட்டைகள்தாம் காரை நிறுத்தி வைத்திருக்கின்றன. சரிவான இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

அறிகுறி 1: முள்ளும் நகரவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை

மிக அதிகமாக வரும் பழுது இதுதான். இரண்டும் சேர்ந்து நின்றிருப்பதால், மீட்டரின் சுழல்தண்டுக்குச் சுழற்சியே வந்து சேரவில்லை என்பது ஏறக்குறைய உறுதி.

முதல் சோதனை: அண்மையில் காரில் என்ன வேலை நடந்தது?

கிளட்ச் மாற்றிய பிறகோ, கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகோ, டேஷ்போர்டைக் கழற்றி ஸ்டீரியோ பொருத்திய பிறகோ மீட்டர் நின்றிருந்தால், கேபிளை மீண்டும் சரியாக மாட்டவில்லை என்றே முதலில் கருத வேண்டும். கியர் பாக்ஸ் பக்கம் கேபிளைப் பிடிக்கும் நட்டையோ கிளிப்பையோ கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு மீட்டரின் பின்புறம் கையை விட்டு மேல்முனையை அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் உள்ள வகையில், கிளிப்பின் நாக்கு முறிந்திருந்தால் கேபிள் இடத்தில் இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் சதுர முனை மீட்டருக்குள் எட்டியிருக்காது. திருகு நட் வகையில், நட் ஓரிரு சுற்று தளர்ந்திருந்தாலே இணைப்பு விட்டுப்போகும். இதை இறுக்க இடுக்கியைப் பயன்படுத்த வேண்டாம். விரலால் இறுக்குவதே போதுமானது.

இரண்டாவது சோதனை: மேல்முனையில் கம்பி சுழல்கிறதா?

கேபிளின் மேல்முனையை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் முனை கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் காரை நியூட்ரலில் வைத்து ஒருவர் மெதுவாகத் தள்ள, மற்றவர் அந்த முனையைப் பார்க்க வேண்டும். தள்ள ஆள் இல்லையென்றால், மேலே சொன்னபடி சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுழற்றிப் பார்க்கலாம். முழுப் பழுதையும் இரண்டாகப் பிரித்துக்காட்டும் சோதனை இது என்பதால் இதைத் தாண்டிச் செல்லக் கூடாது.

கம்பி சுழல்கிறது என்றால், கேபிளும் பினியனும் நன்றாக உள்ளன. அப்படியென்றால் கம்பியின் சதுர முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டதா என்று பாருங்கள். விளிம்புகள் மழுங்கிய முனை, மீட்டரின் சதுரத் துளைக்குள் வழுக்கிக்கொண்டே சுழலும். முனை கூர்மையாக இருந்தால், பழுது மீட்டரில் உள்ளது. அறிகுறி 4, 5 ஆகியவற்றின் கீழ் உள்ளதைப் பாருங்கள்.

கம்பி சுழலவில்லை என்றால், அதை மேல்பக்கமாக மெதுவாக உருவுங்கள். பல கேபிள்களில் உள்கம்பி மேல்வழியாக எளிதாக வந்துவிடும். வராத வகையில் இரு முனைகளையும் கழற்றி, கேபிளை வெளியே எடுத்தே பார்க்க வேண்டும்.

கம்பி பாதியில் முறிந்து வந்தால்

புதிய கேபிள் வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் செலவு இது. ஆனால் கேபிள் ஏன் முறிந்தது என்று கேட்காமல் புதியதை மாட்டினால், அதுவும் சில வாரங்களில் முறியும். திரும்பத் திரும்ப இதே வேலைக்கு வரும் கார்களில் நான் காணும் காரணங்கள் இரண்டுதாம்.

ஒன்று, மீட்டரின் சுழல்தண்டு எண்ணெய்ப் பசை வறண்டு இறுகிப்போயிருக்கும். இதைச் சோதிக்க முறிந்த பழைய கம்பியே சிறந்த கருவி. அதன் மேல்முனையிலிருந்து ஒரு சாண் அளவு வெட்டி, சதுர முனையை மீட்டருக்குள் செருகி விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். வேகமாக உருட்டினால் முள் இலேசாகத் துள்ள வேண்டும். விரலுக்குக் கரகரவென்று தட்டுப்பட்டாலோ, சுற்றுக்கு ஒரு முறை பிடித்துக்கொண்டாலோ, புதிய கேபிளை மாட்டும் முன் மீட்டரைச் சீர்செய்ய வேண்டும். தண்டு நுழையும் இடத்தில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு மீண்டும் சோதியுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால், அது உள்ளே காந்தம் வரை பரவி வேறொரு பழுதை உண்டாக்கும்.

இன்னொன்று, கேபிள் செல்லும் பாதை. என்ஜின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் இடையிலான தகட்டில் உள்ள ரப்பர் வளையத்தின் வழியாகவே அது வர வேண்டும். வளையம் அழிந்துபோய்த் தகட்டின் விளிம்பில் உரசினாலும், மீட்டரின் பின்னால் கூர்மையாக மடங்கினாலும், புகைபோக்கிக் குழாயின் சூட்டுக்கு அருகில் சென்றாலும் கேபிளின் ஆயுள் குறையும். வளைவு எதுவும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் இருக்கும்படி கேபிளை அமைத்துக்கொள்வது நல்லது.

கம்பி முழுதாக வந்தால்

பழுது கியர் பாக்ஸ் முனையில் இருக்கிறது. கேபிளின் கீழ்முனையைக் கழற்றி, அங்குள்ள சதுர முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நன்றாக இருந்தால், பினியன் பொதியைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டையும் தகட்டையும் கழற்றி வெளியே இழுக்கலாம். கழற்றும் முன் சுற்றிலும் மண்ணை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண் அப்படியே கியர் பாக்ஸுக்குள் விழும். சிறிது கியர் ஆயில் வெளியேறக்கூடும் என்பதால் அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல கார்களில் இந்தப் பினியன் பிளாஸ்டிக்கால் ஆனது. பற்கள் உரிந்திருந்தாலோ, பல் சக்கரம் தண்டின் மீது தனியாகச் சுழன்றாலோ அதை மாற்ற வேண்டும். மாற்றும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுசென்று பற்களை எண்ணி ஒப்பிட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் பினியன்களில் ஒரு பல் கூடியோ குறைந்தோ இருப்பதுண்டு. அந்த வேறுபாடு வேகக் கணக்கில் நேரடியாகத் தெரியும்.

மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்

பினியனின் பற்கள் முழுமையாக இருந்தும் சக்கரத்தைச் சுழற்றும்போது அது சுழலவில்லை என்றால், கியர் பாக்ஸுக்குள் அதைச் சுழற்றும் பல்லில்தான் கோளாறு. அதை அடையக் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அன்று. அவசரம் இல்லாவிட்டால், கிளட்ச் மாற்றும்போது இதையும் சேர்த்துச் செய்துகொண்டால் இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறையோடு முடியும். அதுவரை வேகத்தைக் காட்ட ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், பார்வையை மறைக்காதபடி பொருத்திக்கொள்ளலாம்.

புதிய கேபிளை மாட்டும்போது

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். உள்கம்பி குட்டையாக இருந்தால் ஓட்டத்தில் சதுரத் துளையிலிருந்து நழுவும். நீளமாக இருந்தால் அது மீட்டரின் தண்டை ஓயாமல் பின்னோக்கித் தள்ளி அதன் தாங்கியை (பேரிங்) தேய்த்துவிடும். இது மீட்டரையே கெடுக்கும் தவறு என்பதால் மிகுந்த கவனம் தேவை. திருகு நட் வகையில் கம்பியின் முனை உறையின் விளிம்புக்கு வெளியே சுமார் 10 மி.மீ. நீண்டிருப்பது சரியான அளவு.

உள்கம்பிக்கு மெல்லிய கிரீஸைத் துணியால் தடவ வேண்டும், ஆனால் கீழிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மட்டும். மேல்பகுதியை உலர்வாக விட்டுவிட வேண்டும். முறுக்கிய கம்பி சுழலச் சுழலக் கிரீஸ் தானே மேலேறும் என்பதால், மேல்முனையிலும் தடவினால் அது மீட்டருக்குள் புகுந்துவிடும். கீழ்முனையை முதலில் மாட்டி, பிறகு மேல்முனையைக் கையில் பிடித்து இலேசாகத் திருகினால், சதுரம் பொருந்தும் இடம் விரலுக்கே தெரியும். பொருந்தாத நிலையில் நட்டை இறுக்கினால் கம்பி உள்ளேயே மடங்கும்.

அறிகுறி 2: முள் நடுங்குகிறது அல்லது துள்ளித் துள்ளி ஏறுகிறது

முள் எந்த வேகத்தில் நடுங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் துள்ளிவிட்டு, வேகம் கூடியதும் நிலைபெற்றால், கேபிள் வறண்டிருக்கிறது. உள்கம்பி உறையின் சுவரில் பிடித்துப் பிடித்து விடுவதால்தான் இந்தத் துள்ளல் உண்டாகிறது. கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மேலே சொன்ன அளவில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பெரும்பாலான நடுக்கம் இத்துடன் நின்றுவிடும், செலவும் ஏதுமில்லை. உறைக்குள் எண்ணெயை ஊற்றிவிடுவது எளிய வழியாகத் தோன்றினாலும், பழைய அழுக்கும் துருவும் உள்ளேயே தங்கிவிடுவதால் சில நாளில் நடுக்கம் திரும்பும்.

எல்லா வேகத்திலும் நடுக்கம் இருந்தால், கம்பியில் முறுக்கு விழுந்திருக்கலாம். உருவிய கம்பியைச் சமமான மேசையில் நீட்டி உள்ளங்கையால் உருட்டுங்கள். நேரான கம்பி வழுக்கிக்கொண்டு உருளும், முறுக்கு விழுந்த கம்பி அந்த இடத்தில் எழும்பித் தாண்டும். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதியைத் தொங்கவிட்டு விரல்களால் மெதுவாகச் சுழற்றினாலும் இது தெரிந்துவிடும்: முறுக்கு உள்ள கம்பி ஒரு சுற்றில் ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு திடீரென்று புரளும். முறுக்கு விழுந்த கம்பியை நேராக்க முயல்வதில் பயனில்லை. கேபிளை மாற்றுவதே வழி.

கம்பி நேராகவும் பசையுடனும் இருந்து, கேபிளின் பாதையும் சீராக இருந்து, நடுக்கம் தொடர்ந்தால், மீட்டரின் தாங்கி தேய்ந்து காந்தம் ஆட்டத்துடன் சுழல்கிறது என்று கொள்ளலாம். மீட்டரைக் கழற்றி, மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியது இந்த நிலையில்தான். அதற்கு முன்பாகக் கொடுப்பது வீண்.

அறிகுறி 3: டேஷ்போர்டுக்குப் பின்னால் சத்தம்

சத்தம் காரின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, என்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காரை வெறிச்சோடிய சாலையில் நியூட்ரலில் ஒரு கணம் உருளவிட்டாலும் சத்தம் மாறாமல் தொடர்ந்தால், மீட்டரைச் சந்தேகிக்கலாம். பிறகு கேபிளின் மேல்முனையைக் கழற்றி, முனையை ஒயர் எதிலும் படாதபடி கட்டி வைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்.

சத்தம் நின்றுவிட்டால், மீட்டரின் தாங்கி வறண்டிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் பெரும்பாலும் போதும். கீச்சென்ற சத்தம் எண்ணெய் விட்ட பின்பும் திரும்பி வந்தால், அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது நல்லதன்று; இறுகிக்கொண்டிருக்கும் தாங்கி ஒருநாள் முழுவதும் பிடித்துக்கொள்ளும்போது கேபிளையோ கீழேயுள்ள பிளாஸ்டிக் பினியனையோ உடைத்துவிடும்.

கேபிளைக் கழற்றிய பின்பும் டக்டக்கென்று தட்டும் சத்தம் தொடர்ந்தால், கேபிளைத்தான் பார்க்க வேண்டும்: கம்பியில் முறுக்கு, அல்லது உறை எங்கேனும் நசுங்கியிருப்பது.

அறிகுறி 4: முள், கிலோமீட்டர் இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்கிறது

ஒன்று வேலை செய்கிறது என்றாலே கேபிளும் பினியனும் குற்றமற்றவை. பழுது மீட்டருக்குள்ளே இருக்கிறது.

முள் நகர்கிறது, எண்கள் ஏறவில்லை என்றால், எண் சக்கரங்களை நகர்த்தும் சிறு பிளாஸ்டிக் பற்களில் ஒன்று உடைந்திருக்கும் அல்லது தண்டின் மீது வழுக்கும். ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் டிரிப் மீட்டர் உள்ள வகையில், கார் ஓடும்போது பூஜ்யமாக்கும் குமிழை அழுத்துவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சுழன்றுகொண்டிருக்கும் பற்களை அந்த அழுத்தம் வலிந்து பிரிக்கிறது. காரை நிறுத்திவிட்டு அழுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எண்கள் ஏறுகின்றன, முள் அசையவில்லை என்றால், முள் தன் தண்டிலிருந்து தளர்ந்திருக்கலாம், அல்லது காந்தத்தைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணம் எங்கோ தொட்டுப் பிடித்திருக்கலாம். முகப்புக் கண்ணாடியைக் கழற்றி முள் எதிலேனும் உரசுகிறதா என்று பார்ப்பது வரை நாமே செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். கிண்ணத்தின் தண்டைப் பிடித்திருக்கும் சுருள்வில் மயிரிழை போன்றது. ஒருமுறை வளைந்துவிட்டால் மீட்டர் இனி ஒருபோதும் சரியான வேகத்தைக் காட்டாது.

மீட்டரையே மாற்ற நேர்ந்தால், பழைய மீட்டரில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும், மாற்றிய தேதியையும், புதிய மீட்டரில் தொடங்கும் எண்ணையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பழைய மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றும் கணக்குக்கு மட்டுமல்லாமல், காரை விற்கும்போது வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லவும் இது தேவை. முகப்பில் சிறிய எழுத்தில் ஒரு மூன்றிலக்க அல்லது நான்கிலக்க எண் அச்சிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் குறிப்பிட்ட தூரத்துக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுழல வேண்டும் என்பதன் அளவு; பழைய மீட்டரின் எண்ணும் வாங்கும் மீட்டரின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

அறிகுறி 5: முள் உச்சிக்குத் தாவுகிறது, அல்லது கார் நின்றும் பூஜ்யத்துக்கு வரவில்லை

மெதுவாகச் செல்லும்போதே முள் 100-ஐத் தாண்டி நின்றால், காந்தமும் கிண்ணமும் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன, அல்லது இடையில் ஏதோ நிரம்பி இரண்டையும் பிணைக்கிறது என்று பொருள். சாதாரணமாக இவ்விரண்டுக்கும் இடையே இடைவெளி இருக்கும். காந்தம் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க வேண்டும். கேபிளின் வழியே மேலேறிய கிரீஸ் அந்த இடைவெளியை நிரப்பியிருப்பதே பழைய கார்களில் நான் அடிக்கடி காணும் காரணம். யாரோ கேபிளுக்குத் தாராளமாகக் கிரீஸ் அடித்த சில மாதங்களுக்குப் பிறகு, காலையில் முதல் ஓட்டத்தில் மட்டும் முள் தாவி, சூடேறியதும் ஓரளவு இறங்கினால், இதைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

கேபிளை உருவித் துடைத்து மேல்முனையை உலர்த்துவது நம் வேலை; மீட்டரின் உள்ளே சுத்தம் செய்வது மீட்டர் மெக்கானிக்கின் வேலை. கரைப்பான் எதையும் உள்ளே பீய்ச்சக் கூடாது. அது கிரீஸை இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்வதோடு, முகப்பில் உள்ள எழுத்துகளையும் அழித்துவிடும்.

முள் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே நின்றால், டேஷ்போர்டை விரலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் இறங்கினால் கிண்ணத்தின் தண்டு வறண்டிருக்கிறது. தட்டியும் அதே இடத்தில் நின்றால் சுருள்வில் தளர்ந்திருக்கிறது, அல்லது முள் அதன் தண்டில் நகர்ந்துவிட்டது. முள்ளைப் பிடுங்கி மாற்றி வைப்பது எளிதாகத் தோன்றினாலும், அளவு சரிபார்க்கும் கருவி இல்லாமல் அதைச் செய்தால் எல்லா வேகத்திலும் பிழை வரும்.

அறிகுறி 6: எல்லாம் ஓடுகிறது, ஆனால் வேகம் தவறாகக் காட்டுகிறது

முதலில் பிழையை அளந்துவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை கொண்ட கிலோமீட்டர் கற்களே போதும். முள்ளை 60-இல் நிலையாக வைத்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை கடிகாரத்தில் பார்க்க வேண்டும். சரியாக 60 என்றால் 60 வினாடி ஆகும். 66 வினாடி ஆனால் உண்மை வேகம் ஏறக்குறைய 55; 54 வினாடி ஆனால் 67-ஐ நெருங்குகிறது. 3,600-ஐ வினாடியால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். கற்கள் சில இடங்களில் இடம் மாறி நடப்பட்டிருக்கும் என்பதால் மூன்று நான்கு கற்களின் சராசரியை எடுப்பது நல்லது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தையும் ஒப்பிடலாம், ஆனால் கைப்பேசி ஓட்டுநரின் கையில் இருக்கக் கூடாது.

அதே ஓட்டத்திலேயே ஓடோமீட்டரையும், அதாவது கிலோமீட்டர் எண்களையும், சோதித்துவிடுங்கள். பத்துக் கற்களைக் கடக்கும்போது அது எத்தனை கிலோமீட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். இந்த ஒப்பீடு காரணத்தை உடனே இரண்டாகப் பிரித்துவிடும்.

முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே விகிதத்தில் தவறினால்

டயரில் அல்லது பினியனில் பாருங்கள். மாருதி 800-க்கு உரிய 145/70 ஆர் 12 டயரின் விட்டம் சுமார் 508 மி.மீ.; ஆல்டோவில் வரும் 145/80 ஆர் 12 டயரின் விட்டம் சுமார் 537 மி.மீ. இரண்டும் 12 அங்குல ரிம்முக்குப் பொருந்துவதால், சந்தையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்வது பரவலாக நடக்கிறது. அப்படி மாற்றிய 800-இல் மீட்டர் 60 காட்டும்போது கார் உண்மையில் 63-க்கு மேல் சென்றுகொண்டிருக்கும். மீட்டர் குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்தான திசை. மாறாக, டயர் தேயத் தேய மீட்டர் கூடுதலாகக் காட்டும். புதிய டயரின் 8 மி.மீ. பட்டை 1.6 மி.மீ. ஆகத் தேயும்போது இந்தச் சிறிய சக்கரத்தில் வேறுபாடு இரண்டரை விழுக்காடு அளவுக்கு வரும். அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை.

டயர் சரியான அளவில் இருந்தும் இரண்டும் சேர்ந்து தவறினால், பழைய கியர் பாக்ஸ் வாங்கிப் போடப்பட்ட காரா என்று விசாரியுங்கள். வேறு எண்ணிக்கையில் பற்கள் கொண்ட பினியன் அதோடு வந்திருக்கலாம்.

ஓடோமீட்டர் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால்

மீட்டரின் காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். இரண்டையும் சரிசெய்ய, தண்டைக் குறிப்பிட்ட சுற்றில் சுழற்றும் கருவி வைத்திருக்கும் மீட்டர் மெக்கானிக்தான் வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களில், தண்டு நிமிடத்துக்கு 637 சுற்றுச் சுழலும்போது முள் 60 காட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. மீட்டரைக் கொடுக்கும்போது நீங்கள் சாலையில் அளந்த வேகங்களை எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேலை எளிதாகும்.

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பலர் கேட்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி, பத்து விழுக்காடு கூடுதல் அல்லது குறைவு வரை அனுமதிக்கிறது. என் கருத்தில், கூட்டிக் காட்டும் மீட்டரை அந்த எல்லை வரை விட்டுவைக்கலாம். குறைத்துக் காட்டும் மீட்டரை ஐந்து விழுக்காட்டிலேயே கவனித்துவிட வேண்டும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் காரைக் கொண்டுசெல்லும் முன் இந்தச் சாலைச் சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

அறிகுறி 7: கேபிளின் மேல்முனையில் எண்ணெய்

கால் மிதியடியில் எண்ணெய்த் துளிகள் விழுந்தாலோ, முகப்புக் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுத்தாலோ, கியர் ஆயில் கேபிளின் வழியாக மேலேறி வருகிறது. முதலில் கியர் ஆயிலின் அளவைப் பாருங்கள்; நிரப்பும் துளையின் விளிம்புக்கு மேல் ஊற்றியிருந்தால் கூடுதலை வடித்துவிடுங்கள். அடுத்து, கியர் பாக்ஸின் மேலுள்ள காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அது அடைந்தால் உள்ளழுத்தம் எண்ணெயைக் கேபிளுக்குள் தள்ளும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பினியன் தண்டின் ஆயில் சீலையும், அதன் உறையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். கேபிளை உருவி முழுவதும் துடைத்த பிறகே மீண்டும் மாட்டுங்கள். இந்தக் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது. மீட்டர் கெடுவதைவிட, கியர் பாக்ஸ் எண்ணெய் குறைந்து ஓடுவது மிகப் பெரிய செலவு.

அறிகுறி 8: கேபிளே இல்லாத காரில் மீட்டர் நிற்கிறது, விட்டுவிட்டு வருகிறது

கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து கேபிளுக்குப் பதில் மூன்று ஒயர் கொண்ட ஒரு பிளக் வந்தால், அது சென்சார் வகை. மீட்டரோடு எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து நின்றிருந்தால், சென்சாரை விட்டுவிட்டு மீட்டருக்கான ஃபியூஸைப் பாருங்கள். வேக முள் மட்டும் நின்றிருந்தால் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்துக்குப் பின் வரும் பழுதுகள் பல இதைச் சுத்தம் செய்வதோடு தீர்ந்துவிடும். அடுத்து, ஒயர் எங்கேனும் உரசி அறுந்திருக்கிறதா என்று பிளக்கிலிருந்து மேலே வரை தடவிப் பாருங்கள்.

அதன் பிறகு மல்ட்டிமீட்டர் வேண்டும். சாவியைப் போட்ட நிலையில் பிளக்கில் ஓர் ஒயரில் மின்னழுத்தமும் மற்றொன்றில் நல்ல எர்த்தும் வர வேண்டும். இரண்டும் வந்தால், பிளக்கை மாட்டி, தூக்கிய சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றும்போது மூன்றாவது ஒயரில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கவில்லை என்றால், சென்சாரைக் கழற்றி அதன் பினியன் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பினியன் நன்றாக இருந்தால் மட்டும் சென்சாரை மாற்றுங்கள். ஏறி இறங்கியும் முள் நகரவில்லை என்றால், பழுது மீட்டரின் உள்ளே உள்ள மின்பலகையில் இருக்கிறது. டேஷ்போர்டைத் தட்டும்போது முள் உயிர்பெற்று வந்தால், அந்தப் பலகையில் ஈயப்பற்று விட்டிருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அதை மீண்டும் பற்றவைக்க மின்னணுப் பலகைகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேபிள் உள்ள கார்களிலும், கணினி மூலம் எரிபொருளைச் செலுத்தும் பிற்காலத்திய எம்.பி.எஃப்.ஐ. வகைகள் சிலவற்றில், வேகத் தகவலை என்ஜின் கணினிக்கு அனுப்பும் ஒரு சிறு சுவிட்ச் மீட்டருக்குள்ளேயே இருக்கும். அத்தகைய காரில் மீட்டர் நின்ற நாளிலிருந்து என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிவதும், சிக்னலில் நிற்க வரும்போது என்ஜின் அணைந்துபோவதும் ஒரே பழுதின் விளைவாக இருக்கலாம். அப்போது என்ஜினில் கை வைக்கும் முன் அறிகுறி 1-இல் உள்ள கேபிள் சோதனையைச் செய்யுங்கள். கேபிளைச் சரிசெய்து முள் ஓடத் தொடங்கிய பின்பும் விளக்கு எரிந்தால், ஸ்கேன் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுசென்று பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.